சல்லடை யார் கையில்?

பத்திரிகைக்காரர்களுக்கும் வலைப்பதிவுக்காரர்களுக்கும் இருபது வருஷங்களுக்கு மேலாக ஒரு வழக்கு நடந்து வருகிறது. பத்திரிகைக்காரர்களின் பிராது இதுதான்: "நாங்கள் நிருபர்களுக்குச் சம்பளம் கொடுக்கிறோம், செய்தியை விசாரிக்கிறோம், உதவி ஆசிரியர்களைக் கொண்டு திருத்துகிறோம், அவதூறு வழக்கு வந்தால் கூண்டில் ஏறி நிற்கிறோம். வலைப்பதிவுக்காரரோ வீட்டில் உட்கார்ந்தபடியே வாய்க்கு வந்ததை எழுதி உலகத்துக்கு அனுப்பி விடுகிறார்." எதிர்க்கட்சியின் ஜவாபு: "உங்கள் சம்பளம் விளம்பரக்காரர் கொடுப்பது, உங்கள் மௌனம் மந்திரிகளுக்காகக் காப்பது, நாங்கள் ஒருவருக்கும் கடமைப்பட்டவர்களல்ல." இரண்டு பேச்சிலும் உண்மை உண்டு. ஆனால் இரண்டு கட்சியாரும் தங்கள் ஜாதியைச் சொல்லிப் பெருமை பேசுகிறார்களே தவிர, சாட்சியத்தைப் பற்றிப் பேசுவதில்லை.

இந்த வழக்கில் நாமும் ஒரு கட்சிக்காரர் என்பதை நேயர்கள் மறக்க வேண்டாம். அச்சுப் பத்திரிகை நடத்துகிறவர் அச்சுப் பத்திரிகைக்குப் பரிந்து பேசுவது இயற்கை. ஆகையால் நமது வாக்கை நம்பும்படி கேட்கவில்லை. நடந்த சம்பவங்கள் இருக்கின்றன. அவற்றைப் பார்த்தால் போதும்.

முதலில், அச்சு என்பது பிறப்பிலேயே கௌரவம் பெற்றதல்ல. 1878-ம் வருஷம் செப்டம்பர் மாதம் 20-ந் தேதி சென்னையில் ஆறு வாலிபர்கள் ஒரு ரூபாய் பன்னிரண்டு அணா கடன் வாங்கி, 80 பிரதிகள் அச்சிட்டு, "ஹிந்து" பத்திரிகையை வாரப் பதிப்பாகத் தொடங்கினார்கள். இருவர் பள்ளிக்கூட உபாத்தியாயர்கள். நால்வர் சட்டம் படித்து வந்த மாணவர்கள். ஸ்ரீ டி. முத்துசாமி ஐயரைச் சென்னை ஹைக்கோர்ட்டு ஜட்ஜாக நியமித்ததை அக்காலத்து ஆங்கிலோ-இந்தியப் பத்திரிகைகள் தாக்கின. பதில் சொல்ல இந்தியர் வசம் ஒரு பத்திரிகை இல்லை. அதுவே காரணம். கடன் பணத்தில் எண்பது பிரதி போட்ட அந்த ஆறு பேருக்கும், இன்று கைப்பணம் இல்லாமல் இணையத்தில் எழுதுகிறவருக்கும் நிலைமையில் அதிக வித்தியாசம் இல்லை. அன்று பெரிய பத்திரிகைகள் அவர்களை எப்படி மதித்திருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

வலைப்பதிவு என்பது, ஒருவர் தமக்குத் தெரிந்ததையும் தோன்றியதையும் தேதிவாரியாக, புதியது மேலே பழையது கீழே என்று இணையத்தில் எழுதி வைக்கும் குறிப்பேடு. அது முதல் முதலாக ராஜீய வலிமை பெற்றது அமெரிக்காவில். ஆகவே முக்கியமான சாட்சியங்களும் அங்கேதான் கிடைக்கின்றன.

2002-ம் வருஷம் டிசம்பர் 5-ந் தேதி வாஷிங்டனில் செனட்டர் ஸ்ட்ராம் தர்மண்டுக்கு நூறாவது பிறந்த நாள் விருந்து நடந்தது. இவர் 1948-ல் கறுப்பரையும் வெள்ளையரையும் பிரித்தே வைக்க வேண்டும் என்ற கொள்கையை முன்னிறுத்தி ஜனாதிபதி பதவிக்குப் போட்டியிட்டவர். செனட்டில் குடியரசுக் கட்சியின் தலைவராயிருந்த மிஸ்டர் டிரெண்ட் லாட் விருந்தில் பேசுகையில், தமது மிஸ்ஸிஸிப்பி ராஜ்யம் அன்று தர்மண்டுக்கு வோட்டளித்ததைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு, மற்ற ராஜ்யங்களும் அவ்வாறு செய்திருந்தால் இத்தனை வருஷத் தொல்லைகள் வந்திரா என்று பொருள்படக் கூறினார். நிருபர்கள் கூடியிருந்த சபை அது; டெலிவிஷனிலும் காட்டப்பட்டது. ஆயினும் மறுநாள் பெரிய பத்திரிகைகளில் இந்தப் பேச்சுக்கு இடமில்லை. "வாஷிங்டன் போஸ்ட்" இரண்டு நாள் கழித்து உட்பக்கம் ஒன்றில் வெளியிட்டது.

விட்ட இடத்தில் பிடித்துக்கொண்டவர்கள் வலைப்பதிவுக்காரர்கள். லாட்டுக்கு எதிர்க்கட்சி அனுதாபியான ஜாஷ் மார்ஷல் நாள்தோறும் எழுதினார். ஆச்சரியம் என்னவென்றால், வலதுசாரிப் பக்கம் சாய்ந்தவராகக் கருதப்பட்ட கிளென் ரெனால்ட்ஸ் என்ற டென்னஸி சர்வகலாசாலைச் சட்டப் பேராசிரியரும் லாட்டை விடவில்லை. பிறகு பத்திரிகைகள் விழித்துக்கொண்டன. டிசம்பர் 20-ந் தேதி லாட் தலைமைப் பதவியை விட்டு விலகினார். நிருபர்கள் கெட்டவர்கள் என்று இதற்குப் பொருளல்ல. நாள்தோறும் தலைவர்களுடன் பழகுகிறவர்களுக்கு அவர்களுடைய பேச்சு காதில் விழுந்தும் உறைப்பதில்லை. மேலும், தினசரிப் பத்திரிகைக்கு ஒரு விஷயம் ஒரே நாள்தான் செய்தி. மறுநாள் அது பழையதாகி விடுகிறது. வலைப்பதிவுக்காரருக்கு அந்த நிர்ப்பந்தம் இல்லை. ஒன்றைப் பிடித்தால் பதினைந்து நாள் பிடிக்கலாம்.

இரண்டாவது சம்பவம் 2004-ம் வருஷத்தியது. சட்டம் படித்தவர்களுக்கு இது விசேஷமாகச் சுவைக்கும். ஜனாதிபதி தேர்தலுக்கு இரண்டு மாதம் முன்பு, செப்டம்பர் 8-ந் தேதி, ஸி.பி.எஸ். டெலிவிஷன் ஸ்தாபனத்தில் புகழ் பெற்ற மிஸ்டர் டான் ராதர் சில தஸ்தாவேஜுகளைக் காட்டினார். ஜனாதிபதி புஷ் வாலிபத்தில் டெக்ஸாஸ் விமானக் காவற்படையில் தம் கடமையைச் சரிவரச் செய்யவில்லை என்று, அவருடைய மேலதிகாரி லெப்டினண்ட் கர்னல் கில்லியன் 1972, 1973-ம் வருஷங்களில் எழுதி வைத்தவையாம் அவை. கில்லியன் 1984-லேயே காலமாகி விட்டார். அசல் யாரிடமும் இல்லை. நகலின் நகல்தான் இருந்தது.

நிகழ்ச்சி முடிந்த சில மணி நேரத்துக்குள் அட்லாண்டா நகரத்து வக்கீல் ஒருவர் புனைபெயரில் ஒரு குறிப்பு எழுதினார். இந்த எழுத்துக்களின் இடைவெளி அக்காலத்து ஆபீஸ் டைப்ரைட்டரில் வருவது போல இல்லை, இக்காலத்துக் கம்ப்யூட்டரில் வருவது போல இருக்கிறது என்பது அவர் சொன்னது. மறுநாள் சார்லஸ் ஜான்ஸன் என்ற வலைப்பதிவுக்காரர் அதே வாசகத்தை மைக்ரோஸாப்ட் வேர்டில், எந்த அமைப்பையும் மாற்றாமல் அடித்து, ஸி.பி.எஸ். காட்டிய காகிதத்தின் மேல் வைத்துக் காட்டினார். வரிக்கு வரி பொருந்தியது. ஸி.பி.எஸ். பன்னிரண்டு நாள் வரை தன் கட்சியை விடாமல் வாதாடி, செப்டம்பர் 20-ந் தேதி தஸ்தாவேஜுகளின் உண்மையைத் தன்னால் ருசுப்படுத்த முடியவில்லை என்று ஒப்புக்கொண்டது. முன்னாள் அட்டர்னி ஜெனரல் தார்ன்பர்க், அஸோஸியேட்டட் பிரஸ் ஸ்தாபனத்தின் தலைவராயிருந்த பொக்கார்டி இருவரும் விசாரித்து 2005 ஜனவரியில் அறிக்கை கொடுத்தார்கள். ஒளிபரப்புக்கு முன்பே ஸி.பி.எஸ். அமர்த்திய பரிசோதகர்களில் சிலர் சந்தேகம் தெரிவித்தும் அது கவனிக்கப்படவில்லை என்பது அதில் வெளியாயிற்று. நிகழ்ச்சியைத் தயாரித்த அம்மையார் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். மேலும் மூவர் ராஜினாமா செய்யும்படி கேட்டுக்கொள்ளப்பட்டார்கள்.

இதை வைத்து வலைப்பதிவுக்காரர்கள் ஜயபேரிகை கொட்டினார்கள். கொட்டட்டும், ஆனால் வழக்கை முழுவதும் படிக்க வேண்டும். அக்காலத்தில் அப்படிப்பட்ட எழுத்து டைப்ரைட்டரில் வரவே வராது என்று அவர்களில் பலர் எழுதியது தவறு. எழுத்துக்கு எழுத்து இடைவெளி மாறும் ஐ.பி.எம். யந்திரம் அதற்கு வெகு காலம் முன்பே இருந்தது. விசாரணைக்காரர்களும் தஸ்தாவேஜுகள் போலியே என்று அறுதியிட்டுத் தீர்ப்புச் சொல்லவில்லை. அவற்றை உண்மை என்று காட்ட ஸி.பி.எஸ். வசம் ஆதாரம் இல்லை என்பதே விஷயம். ருசுப்படுத்த வேண்டிய பாரம் தஸ்தாவேஜைத் தாக்கல் செய்கிறவரைச் சேர்ந்தது. இதை ஸி.பி.எஸ். மறந்தது; மூன்று வக்கீல்கள் நடத்திய ஒரு வலைப்பதிவு மறக்கவில்லை.

லாட் விஷயத்தில் முன்னின்றவர்களில் பலர் அவருடைய விரோதிகள். ராதர் விஷயத்தில் முன்னின்றவர்கள் புஷ்ஷின் ஆதரவாளர்கள். அதனால் அவர்கள் சொன்னது பொய்யாகி விட்டதா? நியாயஸ்தலங்களில் இதற்கு ஒரு விதி உண்டு. சம்பந்தப்பட்ட சாட்சி என்பதற்காகவே ஒருவருடைய சாட்சியத்தைத் தள்ளிவிடக் கூடாது. அதிக ஜாக்கிரதையுடன் பரிசீலிக்க வேண்டும். கட்சிப்பற்று உள்ளவர் எழுதியதைப் படிக்கவே மாட்டேன் என்பவரும், தம் கட்சிக்காரர் எழுதியதைப் பரிசீலிக்காமல் விழுங்குகிறவரும் ஒரே பிழையைத்தான் செய்கிறார்கள்.

அச்சுப் பத்திரிகைகளின் மிகப் பெரிய சறுக்கலையும் சொல்ல வேண்டும். 2002-ம் வருஷம் செப்டம்பர் 8-ந் தேதி "நியூயார்க் டைம்ஸ்" தன் முதல் பக்கத்தில், இராக் வாங்க முயன்ற அலுமினியக் குழாய்கள் அணுகுண்டு முயற்சிக்கானவை என்று அதிகாரிகள் கருதுவதாகச் செய்தி வெளியிட்டது. செய்தி வந்தது சர்க்கார் அதிகாரிகளின் வாயிலிருந்து. அன்றே டெலிவிஷனில் தோன்றிய உபஜனாதிபதி சேனி, அந்தப் பத்திரிகையில் வந்திருப்பதைச் சுட்டிக் காட்டித் தம் வாதத்தை வலுப்படுத்திக்கொண்டார். தாம் சொன்னதையே பத்திரிகையில் அச்சேற்றி, அந்த அச்சையே தமக்குச் சாட்சியாகக் கூப்பிடும் வித்தை இது. ஆறு மாதத்தில் யுத்தம் தொடங்கியது. அத்தகைய ஆயுதங்கள் இராக்கில் கிடைக்கவில்லை. அதே சமயத்தில் நைட் ரிட்டர் பத்திரிகைக் குழுவைச் சேர்ந்த லாண்டே, ஸ்ட்ரோபெல் என்ற இரு நிருபர்கள் மந்திரிகளை விட்டு நடுத்தர உத்தியோகஸ்தர்களைக் கேட்டு, சர்க்கார் கூற்றைச் சந்தேகித்து எழுதி வந்தார்கள். அவர்கள் புதிய யந்திரம் எதையும் கையாளவில்லை. பழைய நிருபர் வேலையைச் சரியாகச் செய்தார்கள், அவ்வளவுதான்.

வலைப்பதிவுகளிலும் இதே இரட்டை நிலைமைதான். இராக் யுத்தத்தின்போது பாக்தாத்திலிருந்து "ஸலாம் பாக்ஸ்" என்ற புனைபெயரில் ஒருவர் எழுதி வந்தார். குண்டு விழும் நகரத்தில் ஒரு குடும்பம் எப்படி வாழ்கிறது என்பதைப் படித்தவர்கள், இவர் உண்மையான மனிதரா, ஏதாவது ஒரு சர்க்காரின் வேஷமா என்று தர்க்கித்தார்கள். உண்மையான மனிதர்தான். பீட்டர் மாஸ் என்ற அமெரிக்க நிருபர், பாக்தாத்தில் தம்மிடம் மொழிபெயர்ப்பாளராக வேலை செய்தவரே இவர் என்பதை ஊர் திரும்பிய பிறகு கண்டுகொண்டு எழுதினார். 2003-ல் லண்டன் "கார்டியன்" அவரைத் தேடிப் பிடித்துத் தனக்கு எழுதச் செய்தது. எட்டு வருஷம் கழித்து, 2011-ல், டமாஸ்கஸிலிருந்து ஆமினா என்ற பெண் எழுதுவதாக ஒரு வலைப்பதிவு கிளம்பியது. தன்பால் நாட்டமுள்ள பெண், சிரியச் சர்க்காரை எதிர்ப்பவள், அஞ்சாத நெஞ்சினள். அதே "கார்டியன்" உட்படப் பெரிய பத்திரிகைகள் அவளைக் கொண்டாடின. ஜூன் மாதத்தில் ஆயுதம் தாங்கியவர்கள் அவளைப் பிடித்துப் போய்விட்டதாகச் செய்தி வந்தது. விடுதலை செய்யும்படி உலகம் எங்கும் கிளர்ச்சி நடந்தது. சில தினங்களில் குட்டு வெளிப்பட்டது. ஆமினா என்று ஒரு பெண்ணே இல்லை. எடின்பரோ சர்வகலாசாலையில் படித்து வந்த நாற்பது வயது அமெரிக்கர் ஒருவர் அத்தனையும் எழுதியிருந்தார். படத்திலிருந்தவர் லண்டனில் வசிக்கும், ஒன்றும் அறியாத வேறொரு பெண்மணி.

பாக்தாத்துக் குறிப்புகளையும் டமாஸ்கஸ் குறிப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் எது மெய், எது பொய் என்று நடையிலிருந்து சொல்ல முடியாது. பொய்யில்தான் உருக்கம் அதிகம். வித்தியாசம் ஒன்றே. ஒருவரை நேரில் பார்த்துப் பழகிய மூன்றாவது மனிதர் இருந்தார். மற்றவளை நேரில் கண்டவர் ஒருவரும் இல்லை. கடிதப் போக்குவரத்து மட்டும்தான். அமெரிக்க ரேடியோ ஸ்தாபனத்தைச் சேர்ந்த ஒருவர், "அவளை முகத்துக்கு முகம் பார்த்தவர் யார்?" என்ற ஒரே கேள்வியை விடாமல் கேட்டார். கேள்வி கேட்கக் கேட்க ஆமினா கரைந்து போனாள்.

ஆகவே பத்திரிகையா வலைப்பதிவா என்ற கேள்விக்கு அதிக அர்த்தமில்லை. ஒன்று மட்டும் பத்திரிகைகளுக்குச் சாதகமாகச் சொல்லலாம். முனிஸிபல் கூட்டத்திலும் ஜில்லாக் கோர்ட்டிலும் சட்டசபையிலும், ஒன்றும் நடக்காத நாட்களிலும் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்குச் சம்பளம் வேண்டும். வலைப்பதிவுகளில் பெரும்பாலானவை பிறர் கொண்டு வந்த செய்தியை அலசுகின்றனவே தவிர, செய்தியைக் கொண்டு வருவதில்லை. கொண்டு வருகிறவர் இல்லாவிட்டால் அலசவும் ஒன்றும் இராது.

இனி, இதை விடப் பெரிய விஷயத்துக்கு வருவோம். வரும் செய்திகளில் எதை ஒருவர் கண்ணில் காட்டுவது, எதை மறைப்பது என்று தீர்மானிக்கிறவர் யார்? முன்பு சல்லடை ஆசிரியர் கையில் இருந்தது. அவர் பக்ஷபாதியாக இருக்கலாம், பயந்தவராக இருக்கலாம். ஆனால் அவர் பெயர் பத்திரிகையில் அச்சாகியிருக்கும். 1867-ம் வருஷத்துச் சட்டப்படி அச்சிடுகிறவர், பிரசுரிக்கிறவர், ஆசிரியர் யார் என்பதைப் பத்திரிகையிலேயே தெரிவிக்க வேண்டும். அந்நிய சர்க்கார் நம்மவர்களைச் சுலபமாகப் பிடிப்பதற்குச் செய்து வைத்த ஏற்பாடு அது. ஆயினும் வாசகர்களுக்கும் அதனால் ஒரு பயன் இருந்தது. திட்டுவதற்கும் வழக்குத் தொடர்வதற்கும் ஒரு மனிதர் இருந்தார். 2023-ல் புதுச் சட்டம் செய்யப்பட்டு, 2024 மார்ச் முதல் அது அமுலில் இருக்கிறது.

யந்திரச் சல்லடையில் இந்தப் பெயர் இல்லை. 2002 செப்டம்பரில் கூகிள் நியூஸ் தொடங்கியது. அதைச் செய்தவர் ஸ்ரீ கிருஷ்ண பாரத், சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர். சுமார் 4,000 பத்திரிகைகளைச் சதா படித்து, எந்தச் செய்தியைப் பலரும் எழுதுகிறார்களோ அதை மேலே வைக்கும் யந்திரம் அது. மனித ஆசிரியர் ஒருவரும் இதில் கை வைப்பதில்லை என்று அந்தப் பக்கத்திலேயே பெருமையாக எழுதியிருந்தது. பக்ஷபாதமில்லாத ஆசிரியர் கிடைத்து விட்டார் என்று பலர் சந்தோஷப்பட்டார்கள்.

2008-ம் வருஷம் செப்டம்பர் மாதம் நடந்ததைக் கேளுங்கள். அமெரிக்காவின் யுனைடெட் ஏர்லைன்ஸ் கம்பெனி 2002 டிசம்பரில் திவாலாகி, பிறகு மீண்டு நடந்து வந்தது. அந்தப் பழைய திவால் செய்தி புளோரிடாவிலுள்ள ஒரு பத்திரிகையின் இணையப் பக்கத்தில், தேதி குறிப்பிடப்படாமல் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை பின்னிரவில், படிப்பவர் குறைந்த நேரத்தில், யாரோ ஒருவர் அதைத் திறந்து பார்த்தார். அந்த ஒரே ஒரு வாசகரால் செய்தி "அதிகமாகப் படிக்கப்பட்டவை" பட்டியலில் ஏறி விட்டதாகப் பத்திரிகையின் சொந்தக்காரர்கள் பிறகு கூறினார்கள். கூகிள் யந்திரம் வந்தது, தேதியைக் காணவில்லை, புதிய செய்தி என்று வைத்துக்கொண்டது. திங்கட்கிழமை ஒரு முதலீட்டு ஆலோசனைக் கம்பெனியில் ஒருவர் அதைத் தேடி எடுத்து, புளூம்பெர்க் செய்திச் சேவையின் வழியாக வியாபாரிகளுக்கு அனுப்பினார். சுமார் 12 டாலர் விலையிலிருந்த பங்கு சில நிமிஷங்களில் 3 டாலருக்கு இறங்கியது. பிறகு வியாபாரத்தை நிறுத்தி வைத்து உண்மையைத் தெரிவித்ததும் பெரும்பாலும் ஏறி விட்டது. நடுவில் விற்றவர்கள் விற்றவர்கள்தான்.

இதில் பொய் சொன்னவர் ஒருவரும் இல்லை. ஆறு வருஷத்துக்கு முன் அந்தச் செய்தி மெய். ஒரு யந்திரம் "பலர் படித்தது" என்றது. மற்றொரு யந்திரம் "புதியது" என்றது. ஒரு மனிதர் நம்பினார். எந்தப் பத்திரிகைக் காரியாலயத்திலும், நேற்றுச் சேர்ந்த உதவி ஆசிரியர் கூட "இது எந்தத் தேதி?" என்று கேட்டிருப்பார்.

பிறகு ஜனங்கள் தனி வலைப்பதிவுகளை விட்டு பேஸ்புக், ட்விட்டர், வாட்ஸப் என்று குடிபெயர்ந்து விட்டார்கள். சல்லடை இன்னும் தூரம் போய் விட்டது. 2018 ஜனவரியில் பேஸ்புக் முதலாளி மிஸ்டர் ஜுக்கர்பெர்க், இனிமேல் பத்திரிகைகளை விட நண்பர், உறவினர் எழுதுவதற்கு முதன்மை கொடுப்போம் என்று அறிவித்தார். அவர் ஓர் அறிக்கையில் சல்லடையின் கண்களை மாற்றினார். கோடிக்கணக்கானவர்கள் மறுநாள் பார்க்கும் செய்தி மாறியது. அவரை அந்தப் பதவிக்கு யார் தேர்ந்தெடுத்தார்கள் என்று கேட்க வழியில்லை.

நம் நாட்டில் இதன் பலன் ரத்தமாகவே தெரிந்தது. 2018 ஜூலை முதல் தேதி மகாராஷ்டிரத்தில் தூலே ஜில்லா ராயின்பாடா கிராமத்தில், குழந்தை பிடிப்பவர்கள் என்ற வதந்தியை நம்பிய கூட்டம் நாடோடி ஜாதியைச் சேர்ந்த ஐந்து ஏழைகளை அடித்துக் கொன்றது. அந்த மாதமே வாட்ஸப் கம்பெனி, இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து இடத்துக்கு மேல் அனுப்ப முடியாதபடி கட்டுப்படுத்தியது. அடுத்த ஜனவரியில் உலகம் முழுவதுக்கும் அப்படியே செய்தது. இது சரியான ஏற்பாடு என்றே கருதுகிறோம். மெய் எது, பொய் எது என்று கம்பெனி தீர்ப்புச் சொல்லவில்லை. ஓட்டத்தின் வேகத்தை மட்டும் குறைத்தது. விசாரிக்க அவகாசம் கிடைத்தால் வதந்தி பாதி செத்து விடும்.

2023 மார்ச் முதல் வாரத்தில் தமிழ் நாட்டின் பெயரே கெட இருந்தது. பீகார்த் தொழிலாளர்கள் இங்கே அடித்துக் கொல்லப்படுகிறார்கள் என்று சொல்லிச் சில வீடியோப் படங்கள் வட நாடெங்கும் பரவின. பீகார் சட்டசபையில் கிளர்ச்சி. திருப்பூரிலும் மற்ற ஊர்களிலும் தொழிலாளர்களிடையே பீதி. ஹோலிப் பண்டிகைக்கு ஊர் போகிறவர்களுடன் பயந்து போகிறவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அந்தப் படங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் துருவிப் பார்த்த "ஆல்ட் நியூஸ்" முதலியோர், அவை வேறு சந்தர்ப்பங்களில் வேறு பகையால் நடந்தவை, சில வேறு மாநிலங்களில் நடந்தவை என்று காட்டினார்கள். தமிழ் நாட்டுப் போலீஸ் மறுத்தது. பீகார் சர்க்கார் அனுப்பிய உத்தியோகஸ்தர்கள் நேரில் வந்து விசாரித்தார்கள். இதில் கவனிக்க வேண்டியது, பொய்யைப் பரப்பியவர்கள் இணையத்தில் எழுதியவர்கள் மட்டுமல்ல என்பது. ஒரு ஹிந்தித் தினசரியின் மேலும் வழக்குப் பதிவாயிற்று. பொய்யை உடைத்தவர்களோ இணையத்திலேயே எழுதுகிறவர்கள்.

இம்மாதிரிச் சம்பவங்களைக் காட்டித்தான், சல்லடையைச் சர்க்காரே பிடித்துக்கொள்ளட்டும் என்று சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். திருப்பூர் விஷயத்தில் போலீஸார் சொன்னது மெய்தான். அதனால் சர்க்கார் சொல்வதெல்லாம் மெய் என்று ஏற்படுமா? 2023 ஏப்ரல் 6-ந் தேதி மத்திய சர்க்கார் ஒரு விதி செய்தது. மத்திய சர்க்காரின் காரியங்களைப் பற்றி இணையத்தில் வரும் செய்தியைச் சர்க்காரே நியமிக்கும் ஒரு பிரிவு பொய் என்றோ, தவறான எண்ணம் உண்டாக்குவது என்றோ சொன்னால், அதை வைத்திருக்கும் கம்பெனி தன் சட்டப் பாதுகாப்பை இழக்க நேரிடும் என்பது அதன் சாரம். பாதுகாப்பை இழக்க எந்தக் கம்பெனி துணியும்? ஆகவே நடைமுறையில் செய்தி மறைந்து விடும். வாதியும் சர்க்கார், ஜட்ஜும் சர்க்கார், அமீனாவாகக் கம்பெனி.

ஹாஸ்ய நடிகர் குணால் காம்ரா, எடிட்டர்ஸ் கில்டு முதலியோர் பம்பாய் ஹைக்கோர்ட்டில் வழக்குத் தொடுத்தார்கள். 2024 ஜனவரி 31-ந் தேதி இரண்டு ஜட்ஜுகளும் மாறுபட்ட தீர்ப்பளித்தார்கள். ஜஸ்டிஸ் கௌதம் படேல் விதி செல்லாதென்றார். ஜஸ்டிஸ் நீலா கோகலே செல்லும் என்றார். வழக்கு மூன்றாவது ஜட்ஜுக்குப் போய் நிலுவையில் இருக்கும்போதே, மார்ச் 20-ந் தேதி மத்திய சர்க்கார் அந்தப் பிரிவை அறிவித்து விட்டது. மறுநாளே சுப்ரீம் கோர்ட்டு அதை நிறுத்தி வைத்தது. செப்டம்பர் 20-ந் தேதி ஜஸ்டிஸ் சந்துர்க்கர், ஜஸ்டிஸ் படேலின் பக்கம் சேர்ந்து, விதி அரசியல் சட்டத்தின் 14, 19-வது ஷரத்துக்களுக்கு விரோதம் என்று தீர்ப்புக் கூறினார். சுதந்திரத்துக்கு முன் பத்திரிகைச் சட்டங்களின் கீழ் ஜாமீன் கட்டித் தோற்ற பத்திரிகைகளின் வரலாறு அறிந்தவர்களுக்கு இந்தத் தீர்ப்பின் அருமை தெரியும். சர்க்கார் மறுப்புச் சொல்லட்டும், தாராளமாகச் சொல்லட்டும், ஆதாரத்துடன் சொன்னால் முதல் பக்கத்தில் போடுவோம். அது ஒரு கட்சிக்காரரின் வாக்குமூலம். தீர்ப்பு அல்ல.

யந்திரமும் வேண்டாம், சர்க்காரும் வேண்டாம் என்றால் வாசகர்தான் சலிக்க வேண்டும். அது கஷ்டமான வேலை என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் கோர்ட்டுக்குப் போய் வந்த எந்தக் குடியானவரும் அறிந்த வேலைதான். சொல்கிறவர் யார், தாம் கண்டதைச் சொல்கிறாரா, பிறர் சொல்லக் கேட்டதைச் சொல்கிறாரா என்று பார்ப்பது. தஸ்தாவேஜு இருந்தால் முழுவதையும் காட்டுகிறாரா, துண்டைக் காட்டுகிறாரா என்பது. எந்தத் தேதி, எந்த ஊர் என்பது. முக்கியமாக ஒன்று: பத்துப் பத்திரிகைகளில் வந்திருக்கிறது என்பது பத்துச் சாட்சி ஆகாது. ஒரே ஏஜென்ஸி அனுப்பிய ஒரே செய்தியைப் பத்துப் பேரும் அச்சிட்டிருந்தால் சாட்சி ஒன்றே. ஆயிரம் பேர் அனுப்பிய வாட்ஸப் செய்திக்கும் மூலம் ஒரு மனிதர்தான். அநேகமாக அவர் யார் என்றே தெரியாது. நமக்குப் பிடித்த செய்தியானால் இரட்டிப்பு ஜாக்கிரதை வேண்டும். நமது கட்சித் தொண்டர்கள் இதைக் குறித்துக்கொள்ளட்டும். எதிரியைப் பற்றிய பொய்யை ஆர்வத்துடன் அனுப்பி, மறுநாள் அது உடைந்தால், எதிரி செய்த உண்மையான குற்றத்தைச் சொல்லும்போதும் ஜனங்கள் நம்புவதில்லை. ராதர் விவகாரத்துக்குப் பிறகு புஷ்ஷின் படைச் சேவகத்தைப் பற்றிய மற்றக் கேள்விகள் யாவும் அந்தத் தேர்தலில் அமுங்கிப் போயின.

பத்திரிகைகள் செய்ய வேண்டியதும் உண்டு. இணையத்திலிருந்து எடுத்துப் போடும் படத்துக்குத் தேதியும் மூலமும் குறிப்பிடாமல் அச்சிடுவது இன்று தமிழ்த் தினசரிகளில் சாதாரணமாகி விட்டது. அதை நிறுத்த வேண்டும். அடுத்தது திருத்தம். வலைப்பதிவுக்காரர் பிழை செய்தால், பிழை இருந்த இடத்திலேயே திருத்தத்தை எழுதி வைக்க முடியும். நேர்மையானவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். "நியூயார்க் டைம்ஸ்" அலுமினியக் குழாய்ச் செய்தியை வெளியிட்டது முதல் பக்கத்தில். அந்தக் காலத்துச் செய்திகளில் தனக்குப் போதிய கண்டிப்பு இல்லாமற் போயிற்று என்று ஆசிரியர்கள் ஒப்புக்கொண்ட குறிப்பு வெளியானது 2004-ம் வருஷம் மே மாதம் 26-ந் தேதி, இருபது மாதம் கழித்து, பத்தாம் பக்கத்தில். நம்மவர்கள் அந்த அளவும் செய்வதில்லை. வருத்தம் தெரிவிக்கும் இரண்டு வரியைத் தேடிக் கண்டுபிடிக்கப் பூதக்கண்ணாடி வேண்டியிருக்கிறது. முதல் பக்கத்தின் அடியில், ஒரு பத்தி அகலத்தில், நான்கு அங்குல இடத்தைத் திருத்தங்களுக்கென்றே நிலையாக ஒதுக்கி வைக்கத் தமிழ்ப் பத்திரிகை அதிபர்கள் ஒன்று கூடித் தீர்மானிக்கலாம். திருத்தம் இல்லாத நாளில் அந்த இடத்தை விளம்பரத்துக்கு விற்றுக்கொள்ள யாரும் ஆக்ஷேபிக்க மாட்டார்கள்.